தணிக்கை: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

ஐதராபாத்தை அடுத்த சைனிக்புரி, ஓய்வுபெற்ற படைவீரர்களின் குடியிருப்பாகத் தோன்றிய பகுதி. அங்கு வாழும் தமிழர் ஒருவர் தெலுங்கு நாளிதழில் ‘தனிகீ’ என்னும் சொல்லைக் காணும்போது, அதனை நம் ‘தணிக்கை’ என்றே கொள்வார். ஊர்திச் சோதனை, அலுவலகச் சோதனை ஆகியவற்றைப் பொறுத்தவரை அவர் கொண்டது சரியே. ஆனால் திரைப்படக் காட்சி நீக்கப்பட்ட செய்தியில் தெலுங்கர் ‘தனிகீ’ என்று எழுதுவதில்லை. ‘சென்சார்’ என்றே எழுதுவர். கன்னடத்தில் ‘தனிகெ’ குற்றப் புலனாய்வைக் குறிக்கும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இச்சொல், தமிழில் மட்டும் கருத்தை அடக்குதல் என்னும் பொருளை ஏற்றது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

‘தணிக்கை’ என்பதைத் ‘தணி’ என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர் என்று கொள்வோர் பலர். ‘படிக்கை’, ‘நடக்கை’ போன்ற அமைப்பு அவர்களுக்குத் துணை நிற்கின்றது. எனினும் கணக்குத் தணிக்கையை இது விளக்காது. கணக்கில் தணிக்கப்படுவது எதுவும் இல்லை; சரிபார்க்கப்படுவதே உண்டு. ஆகவே அரபு ‘தன்கீஹ்’ என்பதையே மூலமாகக் கொள்வது பொருத்தமுடையது. கிளை கழித்தல், வேண்டாதன நீக்கி நூலைச் செப்பஞ்செய்தல் என்பன அதன் பொருள்கள். உருது வழக்குமன்ற நடையில் அது எழுவினாக்களை ஆய்ந்து வகுப்பதைக் குறித்தது. ஆட்சிமொழி வழியே தென்னகத்தில் பரவியபோது ‘ஆய்வு, சோதனை’ என்னும் பொருளே எஞ்சியது. தமிழில் னகரம் ணகரமானதும் ஈறு ‘கை’ ஆனதும் இயல்பான ஒலித்திரிபு மட்டும் அன்று. ‘தணி’யின் ஈர்ப்பு அவற்றில் தெரிகின்றது. வந்த சொல்லுக்கு நாம் ஒரு வேரைக் கற்பித்துக்கொண்டோம். அவ்வேர் பின்னர்ப் புதுப்பொருளை ஈன்றது. சினம் தணித்தல், வேட்கை தணித்தல் என்பவற்றோடு செய்தி தணித்தலும் இயல்பாகச் சேர்ந்துகொண்டது என்பது என் கருத்து.

இலத்தீனிலும் இத்தகைய பொருள் நகர்ச்சி உண்டு. உரோமானிய ‘சென்சார்’ மக்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்த அதிகாரி. பொது ஒழுக்கத்தைக் கண்காணிப்பதும் அவர் பணியாயிற்று. கணக்கு நோக்கியவரே கருத்தையும் நோக்கும் நிலை இரு மொழிகளிலும் தனித்தனியே நேர்ந்துள்ளது.

முதல் உலகப்போரில் பிரான்சிலிருந்த இந்திய வீரர்களின் கடிதங்களைப் படிக்க 1914இல் அமைந்த அலுவலகம் ஈண்டு நினைக்கத்தக்கது. அங்கு நிறுத்தப்பட்ட கடிதங்கள் குறைவு. படித்து, மொழிபெயர்த்து, வீரர்களின் மனநிலை பற்றி அறிக்கை எழுதுவதே பெரும்பணி. அதனை வெறும் ‘அடக்குதல்’ என்று பெயர்த்தால் பிழையாகும். ‘சோதனை’ என்றாலோ அதன் அச்சம் மறைந்துபோகும். இரண்டையும் ஒருங்கே தாங்குவது ‘தணிக்கை’யே. 1918ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்கீழ்ச் சென்னை, பம்பாய், கல்கத்தா, இரங்கூன் ஆகிய நகரங்களில் 1920இல் வாரியங்கள் அமைந்தன. 1983இல் நடுவண் வாரியத்தின் பெயரிலிருந்து ‘சென்சார்’ நீங்கிச் ‘சான்றளிப்பு’ புகுந்தது. தமிழ் இதழ்களோ இன்றும் ‘தணிக்கைக் குழு’ என்றே எழுதுகின்றன. அலுவலகப் பெயரினும் இதழ்வழக்கே நடப்புக்கு நெருக்கமானது எனலாம்.

1975 ஜூன் 26 முதல் நாளிதழ்கள் முன்தணிக்கைக்கு உட்பட்டன. தமிழகத்தில் தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்டது. கைதானோர் பெயர்களை வெளியிட இயலாத நிலையில், பிப்ரவரி 3 அன்று அண்ணா நினைவிடத்திற்கு வர இயலாதோர் பட்டியல் என்ற முறையில் முரசொலி அப்பெயர்களை அச்சிட்டது. தணிக்கையாளர் சொல்லை ஆய்ந்தார். வாசகர் சூழலை ஆய்ந்தனர். கணக்குத் துறையில் அதே ‘முன்தணிக்கை’, பணம் வழங்குமுன் பட்டியலைச் சரிபார்ப்பதைக் குறிக்கும் தீங்கற்ற சொல்.

அண்டைச் சொற்களை இதனோடு மயக்கலாகாது. பாரதியின் பாடல் நூல்கள் 1928இல் அடைந்தது ‘பறிமுதல்’. அச்சான பொருளைக் கைப்பற்றுதல் அது. போர்க்கால விளக்கணைப்பிலிருந்து பிறந்த ‘இருட்டடிப்பு’க்கு அரசாணை வேண்டியதில்லை, இதழாசிரியரின் மௌனமே போதும். சட்டமன்றத்தில் ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கம்’ பேசிய பேச்சை ஏட்டளவில் மட்டுமே அழிக்கின்றது. ‘இடக்கரடக்கல்’ பேசுவோர் தாமே மேற்கொள்ளும் நாகரிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் நூல்முகப்பில் எழுதிய ‘பரிசோதித்து’ என்பதுதான் தன்கீஹின் மூலப்பொருளுக்கு மிக அணுக்கமானது. அச்சொல் இன்று ஆய்வுக்கூடத்திற்கும் மருத்துவமனைக்கும் போய்விட்டது இழப்பே.

இலங்கைத் தமிழ் இச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டுள்ளது. அங்குக் கணக்கைப் பார்ப்பவர் கணக்காய்வாளர். நாட்டின் தலைமை அதிகாரி கணக்காய்வாளர் நாயகம். ‘தணிக்கை’ செய்திக்கே உரியது. 1998 ஜூனில் போர்ச் செய்திகள்மீது விதிக்கப்பட்டதும் அப்பெயராலேயே வழங்கியது. ‘அவ்விதழ் ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்படுகிறது’ என்ற தொடரைச் சென்னை வாசகர் வரவுசெலவு பற்றியதாகக் கொள்ள இடமுண்டு. யாழ்ப்பாண வாசகர் அவ்வாறு கொள்ளார். இரு கரையினரும் படிக்கும் மொழிபெயர்ப்புகளில் கணக்கிற்குக் ‘கணக்காய்வு’ என்றே எழுதி வருகிறேன். தமிழகத்தின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை போன்ற அலுவலகப் பெயர்களை மட்டும் மாற்றுவதில்லை.