பாயில் காய்ந்த பனம்பழம்

ஆடி, ஆவணியிலே பனந்தோப்புப் பக்கம் போனீங்கன்னா பழ வாசனை தூக்கும். ஒன்றிரண்டைப் பிள்ளைகள் சுட்டுத் தின்னும். மாடு கொஞ்சம் சப்பும். மீதி அழுகி, கொட்டை மட்டும் மண்ணிலே கிடக்கும். இதே பழத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலே, வெயிலில் காயவைத்து மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள். அதற்குப் பனாட்டு என்று பெயர். அதன் வரலாற்றைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி. வற்றாத ஆறு கிடையாது. மழை பெரும்பாலும் ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு சரி. அந்த மழையை நம்பி ஒரு போகம் நெல். தையிலோ மாசியிலோ அறுத்த நெல், ஆடி மாதம் வரும்போது ஏழை வீட்டுக் குதிரில் எவ்வளவு இருக்கும்? நீங்களே யோசித்துப் பாருங்க. சரியாக அந்த நேரத்தில்தான் பனம்பழம் விழ ஆரம்பிக்கும். வெயிலும் இருக்கும், காற்றும் இருக்கும், அடுத்த மழைக்கு இரண்டு மாதம் இருக்கும். பனாட்டு பிறந்ததற்குக் காரணம் இந்தக் காலப் பொருத்தம்தான்.

செய்முறை இதுதான். விழுந்த பழத்தைப் பொறுக்கி வந்து கழுவி, மேல்தோலை உரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைவார்கள். தும்பும் கொட்டையும் தனியே வரும், மஞ்சள் களி தனியே வரும். முற்றத்தில் கம்பு நட்டு, இடுப்பளவு உயரத்தில் பந்தல் போட்டு, அதன்மேல் பனையோலைப் பாயை விரித்துக் களியை மெல்லிசாகத் தடவுவார்கள். அது காய்ந்த பிறகு மறுநாள் அதன்மேலேயே இன்னொரு பூச்சு. இப்படி நாள்தோறும் பூசிப் பூசி, இரண்டு மூன்று வாரத்தில் தோல் மாதிரி தடித்து வரும். அதை உரித்து, துண்டு போட்டு, பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். மென்றால் கடவாயில் இழுக்கும். இனிப்பும் லேசான கசப்பும் கலந்து இருக்கும். வசதி உள்ள வீட்டில் அந்தத் துண்டுகளைப் பதநீர் காய்ச்சிய பாணியிலே ஊறவைத்து, வாசனைச் சரக்கும் சேர்த்து, பாணிப்பனாட்டு என்று ஜாடியில் வைப்பதும் உண்டு.

ஏன் மொத்தமாக ஊற்றக் கூடாது என்று கேட்பீங்க. தடிமனாக ஊற்றினால் மேலே ஏடு கட்டிவிடும், அடியில் உள்ள ஈரம் வெளியே வராது, உள்ளே புளித்துப்போகும். மெல்லிசாகப் பூசினால் தண்ணீர் ஓடிப்போய்ச் சர்க்கரைச் சத்து இறுகிவிடுகிறது. அந்த அடர்த்தியிலே பூஞ்சணம் வளர்வது கடினம். விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்து அந்தப் பெண்கள் செய்யவில்லை, கை அனுபவம்.

1850ஆம் ஆண்டில் வில்லியம் பெர்குசன் என்ற வெள்ளைக்காரர் பனைமரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு பாய் பனாட்டு 3 முதல் 6 ஷில்லிங் வரை விலை போனது என்றும், தீவுப் பகுதி மக்களுக்கும் ஏழைகளுக்கும் வருஷத்தில் பல மாதங்கள் அதுவே முக்கிய ஆகாரம் என்றும் அதிலே குறித்திருக்கிறார். நாம் இன்று தின்பண்டம் என்று சொல்வது அவர்களுக்குச் சாப்பாடு!

பிறகு என்ன ஆச்சு? 1942இல் யுத்தத்தால் பர்மா அரிசி நின்றது, ரேஷன் வந்தது, கோதுமை மாவும் பரவியது. காசுக்குச் சர்க்கரையும் மிட்டாயும் கிடைக்கத் தொடங்கின. ஏழை உணவு என்ற பெயர் வேறு ஒட்டிக்கொண்டது. ருசி குறைந்ததால் விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. கூச்சத்தால் விட்டதே அதிகம். 1978இல் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. ஆனால் 1983 முதல் 2009 வரை நடந்த போரிலே குண்டு விழுந்தும், பதுங்குகுழிக்கு வெட்டியும் ஏராளமான பனைகள் அழிந்தன. பனை என்ன, வாழையா? வைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும் காய்க்க. அதுவும் பெண் பனைதான் காய்க்கும்.

நம் பக்கம் போர் இல்லாமலே செங்கல் சூளைக்கு எத்தனை பனை போயிற்று என்று உங்களுக்கே தெரியும். 2021இல் தமிழக அரசு தனது முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது.

வீட்டிலே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கசப்பு மரத்துக்கு மரம் மாறும். பழத்திலுள்ள ஒரு வகை வேதிப்பொருள்தான் அதற்குக் காரணம். ஆகையால் முதலில் ஒரு பழத்தைச் சுவைத்துப் பார்த்து, இனிப்பு மரம் எது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அன்று விழுந்த பழம்தான் ஆகும், வண்டு துளைத்தது ஆகாது. ஈ மொய்க்காமல் மெல்லிய வேட்டித்துணி போடுங்கள். பந்தல் காலுக்கு அடியில் தண்ணீர்ச் சட்டி வைத்தால் எறும்பு ஏறாது. பொழுது சாய்ந்ததும் பனி படாமல் உள்ளே எடுத்துவிட வேண்டும். களி எடுத்த கொட்டையைத் தூர எறியாமல் பாத்தியிலே அடுக்கி மண் மூடி வையுங்கள், தையிலே கிழங்கு எடுக்கலாம்.