சாம்பல் கல்லு குன்னத்தூருக்கு வந்த கதை

போன வாரம் குன்னத்தூர் போயிருந்தேன். மாடியில ஒரு ரூம் எடுக்கறோம். வாசல்ல செங்கல்லுக்குப் பதிலா ஃப்ளை ஆஷ் கல்லு அடுக்கியிருக்கு. மேஸ்திரிக்கு முகமே சரியில்லை. "சூளையில வேகாத கல்லு நிக்குங்களா தம்பி?" சாம்பலோட சுண்ணாம்போ சிமெண்ட்டோ சேர்ந்து தண்ணி பட்டா இறுகிக்கும்னு சொல்லிட்டேன். ஆனா இது நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சுன்னு தேடினா பெரிய கதையே இருக்குங்க.

நம்ம நாட்டு நிலக்கரியை எரிச்சா 30-40 சதவீதம் சாம்பல்தான் மிஞ்சும். 1996-97ல அதுல பத்துல ஒரு பங்குகூட பயன்படலை. இன்னொரு பக்கம் செங்கல்லுக்காக மேல்மண்ணை வெட்டிட்டு இருந்தோம். ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டது, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999 செப்டம்பர் 14ல போட்ட அறிவிக்கை. அனல்மின் நிலையத்துல இருந்து 50 கி.மீ.க்குள்ள செங்கல் செய்யறவங்க குறைஞ்சது 25 சதவீதம் சாம்பல் கலக்கணும். மின் நிலையம் பத்து வருஷம் சாம்பலை இலவசமா தரணும்.

நமக்குப் பக்கத்துல மேட்டூர் அனல்மின் நிலையம், 1987லயே ஓட ஆரம்பிச்சது. நேர்கோட்டுல அளந்தா குன்னத்தூருக்கு சுமார் 70 கி.மீ. ஆக 1999ல நாம எல்லைக்கு வெளியே :) 2003 திருத்தத்துல எல்லை 100 கி.மீ. ஆச்சு, உள்ள வந்துட்டோம். 2016ல அதுவே 300. கடைசியா 2021 டிசம்பர் அறிவிக்கைதான், பயன்படாத சாம்பலுக்கு மின் நிலையம் டன்னுக்கு 1000 ரூபாய் இழப்பீடு கட்டணும்னு சொல்லுச்சு. சாம்பலை உண்டாக்கறவன் தலையில காசு ஏற 22 வருஷம்!

இதையெல்லாம் கேட்டுட்டு மேஸ்திரி கேட்டார்: "அப்ப நம்ம சாயப்பட்டறைச் சேத்தையும் கல்லா அறுத்துடலாமுங்களே?"

நல்ல கேள்வி. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சாயத்தண்ணி ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாதுங்கறது கண்டிப்பாச்சு. நொய்யலுக்குப் போகாத அழுக்கு சேறா தேங்குது. சட்டப்படி அது அபாயகரமான கழிவு. சூளைக்காரர் இஷ்டத்துக்குக் கலக்க முடியாது. சிமெண்ட் ஆலை உலையில அதிக சூட்டுல எரிக்கறது ஒரு வழி.

கழிவைக் கல்லாக்கறது நல்ல விஷயம்தான். ஆனா உள்ள என்ன இருக்கு, செலவு யாரோடதுன்னு ரெண்டையும் முதல்லயே கேட்டுக்கணும். நாம குடியிருக்கப் போற சுவராச்சே!

சுவர் எழும்பிடுச்சு. மேஸ்திரி மட்டும் இன்னும், "பத்து வருஷம் போகட்டுங்க தம்பி, பாக்கலாம்"ங்கறார். உங்க ஊர்ல என்ன கல்லு மக்களே?