டூம்ஸ்டே வட்டுகளும் கோப்பு முறைமையும்

முதலாம் வில்லியம் மன்னன் ஆணைப்படி 1086இல் தொகுக்கப்பெற்ற டூம்ஸ்டே நிலக்கணக்கு ஏடு இன்று இலண்டன், கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. இலத்தீனும் அக்காலச் சுருக்கக் குறிகளும் பயின்ற எவரும் அதனைப் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1986இல் பி.பி.சி. வெளியிட்ட இரு ஒளிவட்டுகளோ பதினைந்தே ஆண்டுகளில் படிப்பாரற்றுப் போயின. பள்ளி மாணவர் உள்ளிட்ட பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட பணி அது.

வட்டு சிதைந்தமை இதற்குக் காரணமன்று. அதனைப் படிக்க பி.பி.சி. மாஸ்டர் கணினியும், பிலிப்ஸ் நிறுவனத்தின் தனிக்கருவியும், வி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையும் ஒருங்கே வேண்டும். எக்கோப்பு வட்டில் எங்குத் தொடங்கி எவ்வளவு நீள்கிறது என்பதைக் கோப்பு முறைமையே காட்டும். ஓலைச்சுவடிக்கு அதன் கயிறும் ஏட்டெண்ணும் எத்தகையவோ, வட்டுக்கு அது அத்தகையது. கயிறறுந்து எண்ணும் மறைந்த சுவடியில் எழுத்தெல்லாம் இருக்கும், நூல் இராது.

அக்கணினியை ஆக்கிய ஏகார்ன் நிறுவனத்தின் முறைமைகளே தம்முள் முழுதும் ஒத்துப்போகவில்லை. தொடக்கக் கால டி.எஃப்.எஸ். கோப்புப் பெயருக்கு 7 எழுத்துகளே அளித்தது; பின்வந்த ஏ.டி.எஃப்.எஸ். 10 எழுத்துகளை அளித்தது. 1987இல் வந்த ஆர்க்கிமிடிஸ் கணினி பழைய ஏ.டி.எஃப்.எஸ். வட்டுகளைப் படித்தது; அதன் புதிய வட்டமைப்பை மாஸ்டரால் படிக்க இயலவில்லை.

லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் 1999 முதல் 2003 வரை நடத்திய கமிலியான் திட்டம், பழைய கணினியின் நடத்தையைப் புதிய கணினியில் மென்பொருளால் போலச்செய்து வட்டினை மீண்டும் இயக்கிக் காட்டியது. 2011இல் பி.பி.சி. சமூக வட்டின் உள்ளடக்கத்தை இணையத்தில் இட்டது. பின்னதே பலருக்குப் பயன்பட்டது. எனினும் வட்டு எவ்வாறு இயங்கிற்று என்பதை அறிய முன்னதே சான்றாகும்.

தமிழாய்வாளருக்கு இச்சிக்கல் தொலைவிலுள்ளதன்று. ஒருங்குறியில் 'தொகை' என்னும் சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். 1998இல் ஆப்பிள் கொணர்ந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தது; 2017இல் மாக் கணினிகளுக்கு வந்த ஏ.பி.எஃப்.எஸ். கொடுத்த வடிவிலேயே வைக்கிறது, விண்டோசின் என்.டி.எஃப்.எஸ்.சும் அவ்வாறே, ஆயினும் இரு வடிவங்களையும் இருவேறு பெயர்களாகக் கொள்ளும். எனவே ஒரே கோப்புறையில், கண்ணுக்கு வேறுபாடின்றி, 'தொகை' இருமுறை நிற்கக்கூடும். பட்டியலில் ஒரு வடிவும் வட்டில் மறுவடிவும் இருப்பின், இருக்கும் சுவடிப்படியையே இல்லையெனக் கணினி கூறிவிடும்.