மேட்டூர் பகுதிக் காவிரியின் நாட்டு மீன்கள்

மேட்டூர் பகுதிக் காவிரியின் நாட்டு மீன்கள் என்பவை சேலம் மாவட்டத்திலுள்ள மேட்டூர் நீர்த்தேக்கத்திலும், அதற்கு மேலும் கீழும் உள்ள காவிரி ஆற்றுப் பகுதிகளிலும் இயற்கையாக வாழும் மீனினங்கள் ஆகும். இவற்றுள் சில காவிரி வடிநிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாதவை. இவற்றின் எண்ணிக்கை மாற்றத்தை அறிய நெடுங்காலமாக உதவி வருபவை மீன்பிடிப் பதிவுகளே.

== முக்கிய இனங்கள் ==
கருமுழிக் கெண்டை (லேபியோ கோண்டியசு) 1849-இல் ஜெர்டான் என்பவரால் விவரிக்கப்பட்டது. இப்செலோபார்பசு துபியசு என்னும் கெண்டையினத்தை 1867-இல் பிரான்சிசு டே விவரித்தார். இவ்விரண்டும் காவிரிக்கே உரியவை. வெண்கெண்டை, வாளை, விரால், கெளுத்தி ஆகியனவும் இங்குள்ள நாட்டு மீன்களாகும். வெண்கெண்டையின் அறிவியற் பெயராலேயே கங்கை ஆற்றின் மிர்கால் மீனையும் பல நூல்கள் குறிப்பிடுகின்றன. எனவே பழைய பட்டியல்களில் அப்பெயரைக் காண்போர், எந்த மீன் குறிக்கப்படுகிறது என்பதை உறுதி செய்துகொள்வது நல்லது.

== அணையின் தாக்கம் ==
1925-இல் தொடங்கிய மேட்டூர் அணையின் கட்டுமானம் 1934-இல் நிறைவுற்றது. நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி ஆகும். அணை வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தியதால், கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குள் ஏறிவரும் உல்லம் மீனின் வரத்து காவிரியில் வீழ்ச்சியடைந்தது. ஓடும் நீரில் முட்டையிடும் கெண்டைகள் தேங்கிய நீரில் பெருகவில்லை. மீன்துறையால் கொண்டுவந்து விடப்பட்ட கட்லா முதலிய வெளி ஆற்று மீன்கள் நீர்த்தேக்கத்தில் நிலைபெற்றன. 1952-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் பின்னர் காவிரியில் பரவியது.

அணைக்குக் கீழே, சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களை ஒட்டிய ஆற்றில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை முதலிய இடங்களில் மின்னுற்பத்திக்கான கதவணைகள் உள்ளன. ஒரு கதவணைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆறு குளம் போலவே நிற்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளின் சாயக் கழிவும் இங்கு நெடுநாள் சிக்கலாகும்.

== கணக்கெடுப்பு ==
நீர்த்தேக்கத்தில் மீனவர்கள் பரிசலில் சென்று செவுள் வலை இட்டு மீன் பிடிக்கின்றனர். கரைக்கு வரும் மீனின் எடையே பதிவின் அடிப்படை. ஆனால் மொத்த எடையை மட்டும் கொண்டு மீன்வளத்தை மதிப்பிடுதல் பிழையாகும். நீர்மட்டம் தாழ்ந்த ஆண்டில் மீன்கள் சிறு பரப்பில் நெருங்குவதால் பிடிப்பு உயரும். அதனை மீன் பெருக்கம் எனக் கொள்ளலாகாது. வலைக்கண்ணின் அளவும் முடிவை மாற்றும். பெரிய கண் வலையில் சிறு நாட்டு மீன்கள் அகப்படா. அகப்பட்டாலும் பல இனங்கள் ஒன்றாக எடையிடப்பட்டால் இனவாரியான விவரம் மறைந்துவிடும். இதனால் ஒரு வலைக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு என முயற்சியின் அளவோடு சேர்த்துக் கணக்கிடும் முறையே ஏற்றதாகும்.

அமெரிக்காவின் வறண்ட நிலத்தில் ஓடும் கொலராடோ ஆற்றில், கிளென் கன்யன் அணைக்குக் கீழ் வாழும் திமில் சப் என்னும் மீனின் உடலில் சிறு மின்னணு அடையாளம் செலுத்தப்படுகிறது. அதே மீன் மீண்டும் பிடிபடும் வீதத்திலிருந்து மொத்த எண்ணிக்கை மதிப்பிடப்படுகிறது. எடைப் பதிவால் இத்தகைய மதிப்பீட்டைத் தர இயலாது.

== திமில் மாசீர் ==
கண்காணிப்பின் பயனையும் குறையையும் ஒருங்கே காட்டுவது பூமீன் கெண்டை வகையைச் சேர்ந்த திமில் மாசீர் ஆகும். 50 கிலோகிராமிற்கு மேலும் வளர்ந்த இம்மீன், 19-ஆம் நூற்றாண்டிலேயே தூண்டிற்காரர்களிடையே புகழ்பெற்றிருந்தது. மேட்டூருக்கு மேலே, கர்நாடகத்தின் கலிபோரே முகாமில் மீன்களைப் பிடித்து மீண்டும் ஆற்றில் விட்டவர்களின் 1998–2012 பதிவேடுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலியோர் ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். திமில் மாசீர் அரிதாகி வருவதும், அகப்பட்டவை பெரிய மீன்களாகவே இருப்பதும் தெரியவந்தன. பெரிய மீன் கிடைப்பது தூண்டிற்காரருக்கு மகிழ்ச்சி தரலாம். ஆனால் குஞ்சுகள் வளர்ந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். அதே காலத்தில், பண்ணையில் வளர்த்து ஆற்றில் விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர் பெருகியிருந்தது.

அவ்வாய்வு வெளியானபோது திமில் மாசீருக்கு உறுதியான அறிவியற் பெயர் இருக்கவில்லை. கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்னர் விவரிக்கப்பட்ட தோர் ரெமாதேவியே இது என 2018-இல் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை மிக அருகிய இனமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் பவானியின் துணையாறான மோயாற்றில் இம்மீன் வாழ்கிறது.