தபால்காரர் வழியே வங்கிச் சேவை: என்னென்ன கிடைக்கும், எங்கே வரம்பு?

வங்கிக் கிளை அருகில் இல்லாதவர்களும், கிளைக்குச் சென்றுவர இயலாத முதியோரும் தபால்காரர் மூலம் பணம் எடுக்கவும் செலுத்தவும் வகை செய்கிறது இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி. அஞ்சல் துறையின் கீழ், முழுவதும் மத்திய அரசின் மூலதனத்தில் இயங்கும் இவ்வங்கி, 2017 ஜனவரியில் ராஞ்சி, ராய்ப்பூர் நகரங்களில் சோதனை முறையில் தொடங்கியது. 2018 செப்டம்பர் 1 அன்று பிரதமர் நரேந்திர மோடி இதனை நாடு முழுமைக்கும் தொடங்கி வைத்தார்.

அஞ்சலகத்துக்குப் பணப் பட்டுவாடா புதிதன்று. மணியார்டர் 1880-லும், அஞ்சலக சேமிப்பு வங்கி 1882-லும் வந்துவிட்டன. இப்போது 1.5 லட்சத்துக்கும் அதிகமான அஞ்சலகங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது கிராமப்புறங்களில் அமைந்தவை. தபால்காரர் கையிலுள்ள செல்பேசியும் கைரேகைக் கருவியுமே புதிய வரவு.

இதில் பெரிதும் பயன்படுவது ஆதார்வழிப் பணப் பரிவர்த்தனை. கணக்கு அஞ்சல் வங்கியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கொச்சியை அடுத்த தொழில் நகரமான ஏலூரில் வேலை பார்க்கும் ஒருவர், சொந்த ஊர் வங்கியில் உள்ள பணத்தை, அக்கணக்குடன் ஆதார் இணைக்கப்பட்டிருந்தால், ஏலூரிலேயே தபால்காரரிடம் பெறலாம். ஒரு முறைக்கு ரூ.10,000 வரை எடுக்கலாம். ஏடிஎம் அட்டையோ ரகசிய எண்ணோ தேவையில்லை. விரல் வைத்தாலே பணம் கழியும் என்பதால், திரையில் உள்ள தொகையை முதலில் சரிபார்ப்பது அவசியம்.

கைரேகை தேய்ந்த முதியோரும் உடலுழைப்புத் தொழிலாளரும்தான் இதில் அதிகம் சிரமப்படுகின்றனர். இச்சேவை யாருக்கு மிகத் தேவையோ அவர்களையே இது பாதிக்கிறது. இதற்கு மாற்றாக, முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் வசதியை 2025-ல் வங்கி அறிமுகப்படுத்தியது.

ரிசர்வ் வங்கி விதிகளின்படி பேமெண்ட்ஸ் வங்கிகள் கடன் வழங்கவோ கடன் அட்டை தரவோ முடியாது. ஒரு வாடிக்கையாளரின் நாள் முடிவு இருப்பு ரூ.1 லட்சத்தைத் தாண்டக்கூடாது என்றிருந்த வரம்பு, 2021 ஏப்ரலில் ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டது. மிகுதித் தொகையை, இணைக்கப்பட்ட அஞ்சலக சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். விதைக்கும் பருவத்தில் கடன் தேடும் விவசாயி, கூட்டுறவுச் சங்கத்தையோ வேறு வங்கியையோதான் நாட வேண்டியுள்ளது.

ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய உயிர்வாழ் சான்றையும் 2020 நவம்பர் முதல் தபால்காரர் வீட்டுக்கே வந்து மின்னணு முறையில் பதிவு செய்கிறார். இதற்குக் கட்டணம் ரூ.70. ஓய்வூதியம் எந்த வங்கியில் பெறுபவராயினும் இவ்வசதியைப் பயன்படுத்தலாம்.