கடையாகும் கன்டெய்னர்

40 அடி நீளம், 8 அடி அகலம். சரக்குக் கப்பல்களில் அடுக்கடுக்காக ஏற்றப்படும் சாதாரண இரும்புப் பெட்டி. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒரு நகரத்தில் அதன் கதவைத் திறந்து வைக்கிறார்கள். ஓட்ட ஆளில்லாமல் வீடுகளில் கிடந்த சைக்கிள்கள் வந்து சேர்கின்றன. பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, இண்டு இடுக்கு விடாமல் அடுக்கினால் ஏறக்குறைய 350 சைக்கிள்கள் அடங்கும். மிச்சமுள்ள இடத்தில் டியூப், டயர், செயின், ஸ்பேனர்.

இப்படிப் பெட்டிகளை அனுப்புவது, 2005இல் கனடாவில் தொடங்கிய ‘பைசைக்கிள்ஸ் ஃபார் ஹியூமானிட்டி’ அமைப்பு. அதே ஆண்டு நமீபியாவில் மைக்கேல் லின்க் தொடங்கிய ‘பென் நமீபியா’ அவற்றை வாங்கி ஊர்களுக்குக் கொண்டுசேர்த்தது.

வால்விஸ் பே துறைமுகத்தில் இறங்கும் பெட்டி, லாரியேறிப் பாலைவனத்தைக் கடந்து உள்நாட்டுக்குப் போகிறது. 8 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த அந்த நாட்டில் மக்கள்தொகை 30 லட்சம்தான். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பலருக்கு நெடுந்தொலைவு. காசு கொடுத்து வண்டியேற முடியாதவர்கள் நடக்கிறார்கள்.

சரக்கை இறக்கிய பிறகும் பெட்டி திரும்பிப் போவதில்லை. எச்.ஐ.வி. நோயாளிகளையும் பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் கவனித்துக்கொள்ளும் உள்ளூர் அமைப்பு ஒன்றின் இடத்தில் அதை இருத்தி, உள்ளே தட்டுகள் அடித்துக் கடையாக்குகிறார்கள். ஊரிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்து, பழுது பார்க்கவும் கணக்கு எழுதவும் பயிற்சி தருகிறார்கள்.

அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. நம் ஊர் நெருஞ்சி நமீபிய மண்ணிலும் படர்கிறது. அதன் முள் டயரைத் துளைத்துவிடும். டியூபை உருவித் தண்ணீரில் அமுக்கி, குமிழ் வரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்று உலர்ந்ததும் ஒட்டுப் போட வேண்டும். இந்தச் சின்ன வேலையைச் செய்ய ஆளில்லாத ஊரில், தானமாக வந்த சைக்கிள் முதல் பஞ்சரோடு மூலைக்குப் போய்விடும்.

அதனால்தான் இங்கே சைக்கிள் இலவசமில்லை; கட்டுப்படியாகும் விலைக்கு விற்கிறார்கள். அந்த வருமானத்தில் சம்பளம், உதிரிபாகச் செலவு போக மிஞ்சுவது அந்த உள்ளூர் அமைப்பின் பணிகளுக்குப் போகிறது. நோயாளியைப் படுக்கவைத்துச் சைக்கிளின் பின்னால் இழுத்துச்செல்லும் ஆம்புலன்ஸ் வண்டிகளையும் பென் நமீபியா செய்து கொடுத்தது.

ஆனால் 350 சைக்கிள்களும் விற்றுத் தீரும் நாள் வரும். அடுத்த சரக்குக்கான முதல் அதற்குள் கல்லாவில் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லையென்றால் சம்பளம் நிற்கும், பூட்டு விழும். ஆகவே சைக்கிள் அனுப்ப நினைக்கும் நல்ல மனசுக்காரர்கள், கடை நடத்தப்போகிறவரின் பயிற்சிக்கும் உதிரிபாகங்களுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். சைக்கிள் ஒருவரின் நடையைக் குறைக்கும். கடை நிலைத்தால்தான் நாலு பேருக்கு மாதாமாதம் சம்பளம் வரும்.