பிழைக்க வைத்தாயிற்று, அப்புறம்?

விக்கிரவாண்டி வட்டாரத்தில் பூரிகுடிசை, நரசிங்கனூர் போன்றவை பனையேறிகளின் ஊர்கள். மரத்திலிருந்து விழுந்தவரை இப்போது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பல பேருக்கு உயிர் தங்கிவிடுகிறது. ஆனால் முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியிருந்தால் இடுப்புக்குக் கீழே கால் அசையாது, சூடு தெரியாது, சிறுநீர் போவதும் தெரியாது. குடும்பத்துக்கு நிஜமான சோதனை வீடு திரும்பியபின்தான் தொடங்கும். கட்டிலில் கிடத்திவிட்டு வீட்டார் கூலிக்குப் போக, முதுகின் அடியில் புண் வைக்கும். புண் எலும்பு வரை போகும், சிறுநீரகம் கெடும். விழுந்த அன்று சாகாதவர் இதில்தான் சாவார். அந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: “வேலூருக்குக் கொண்டு போய்ப் பாருங்க.” விழுப்புரத்தில் காட்பாடி ரயில் ஏறிவிடுவார்கள்.

அவர்கள் போய்ச் சேருவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) பாகாயம் வளாகத்திலுள்ள மறுவாழ்வு நிலையம். 1966இல் தொடங்கியது. இந்தியாவில் தண்டுவடம் அடிபட்டவர்களை உள்நோயாளிகளாக வைத்து மறுவாழ்வுக்குத் தயார்செய்த முதல் நிலையம் அதுதான். அதன் வேரைத் தேடினால் மறுபடி விழுப்புரம் மாவட்டத்துக்கே, திண்டிவனத்துக்கே வந்து நிற்போம்.

1890இல் திண்டிவனம் ஆற்காடு மிஷன் பங்களாவில் டாக்டர் ஜான் ஸ்கடர் குடியிருந்தார். அவர் மகள் ஐடா ராணிப்பேட்டையில் பிறந்தவள். தாது வருஷப் பஞ்சத்தில், கையைத் தூக்கத் தெம்பில்லாத பிள்ளைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு வைத்த குழந்தை. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடித்தவளுக்கு இந்தியாவே வேண்டாம் என்றிருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால்தான் திண்டிவனம் வந்தாள். அங்கே ஒரு ராத்திரி அடுத்தடுத்து மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். முதலில் ஒரு பிராமணர், அடுத்து ஒரு முஸ்லிம், அப்புறம் இன்னோர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். அப்பா மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன் என்றாள் ஐடா. ஆண் வரக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். அவளுக்கு வைத்தியம் தெரியாது. காலையில் சாவுமேளம் கேட்டது. மூன்று பெண்களும் போய்விட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த மூன்று கணவர்களையும் கல்மனசுக்காரர்களாக்கிவிடுகிறார்கள். எனக்கு அது உவப்பில்லை. நடுராத்திரியில் மிஷன் பங்களாவின் படியேறி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் கெஞ்ச அன்றைய பிராமணர் ஒருவருக்கு எவ்வளவு பதற்றம் இருந்திருக்க வேண்டும்! மனைவியைக் காப்பாற்றவும் வேண்டும், ஊர்க்கட்டை மீறவும் முடியாது. ஐடா அந்த முடிச்சை வேறு பக்கமிருந்து அவிழ்த்தாள்: பெண் மருத்துவராகத் தானே வருவது.

மிச்சம் வேகமாகச் சொல்லிவிடலாம். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம்; கையில் ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தந்த 10,000 டாலர்; 1902இல் வேலூரில் அவர் மனைவி மேரி டேபர் ஷெல் பெயரில் 40 படுக்கை ஆஸ்பத்திரி; 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பல திருச்சபைகள் கைகோத்ததில் அது கல்லூரியாகி, இன்றைய சி.எம்.சி. ஆனது. 1947 முதல் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது.

திண்டிவனம் கதையில் ஒரு வசதி உண்டு. பிரசவம் நல்லபடி முடிந்தால் தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மருத்துவரின் வேலை அங்கே முடிந்தது. அப்படி முடியாத வியாதிகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி வேலூரில் எழ இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அதைக் கிளப்பிவிட்டவர் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட். 1946இல் வேலூர் வந்த இந்த அறுவை மருத்துவர், செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் விரல் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். வலி தாங்கவில்லை, அவ்வளவு இறுக்கம். தசை செத்துவிடவில்லை, சில நரம்புகள் மட்டும் போய்விட்டன என்று அப்போது புரிந்தது. வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து முடங்கிய விரலுக்கு மாற்றிக் கட்டினார். விரல்கள் நிமிர்ந்தன. கொஞ்ச நாளில் கை சரியான ஒருவர் குறையோடு திரும்பி வந்தார்: இந்தக் கை பிச்சைக்கு உதவவில்லை. மடங்கிய கைக்குக் காசு போட்டவர்கள் நல்ல கைக்குப் போடுவதில்லை. தழும்பைப் பார்த்து வேலையும் தருவதில்லை, வாடகைக்கு இடமும் தருவதில்லை.

ஒரு மருத்துவரை இதைவிடக் கூர்மையாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தொண்டு என்றதும் நமக்கு அன்னதானமும் வேட்டி சேலையும் நினைவுக்கு வருகின்றன. அந்த மனிதர் கேட்டது அதுவல்ல, பிழைப்பு. 1951இல் பாகாயத்தில் மண்சுவர்க் குடிசைகளாக ‘நவஜீவ நிலையம்’ எழுந்தது. அதற்குச் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்தவர் மூட்டுவாதத்தால் முடங்கிய ஒரு வயதான மிஷனரி அம்மாள். கை திருந்தியவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள். உளியைப் பிடித்தால் உள்ளங்கை கிழிவதும் தெரியாத கைகள் என்பதால், ஒவ்வொரு மாலையும் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காயம் தேடுவதும் பாடத்தில் சேர்ந்தது.

மூன்றாவது ஆள் மேரி வர்கீஸ். கொச்சி பக்கத்துச் செராயியில் 1925இல் பிறந்து வேலூரிலேயே படித்த மகப்பேறு மருத்துவர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெரிய வெட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இனி அறுவை மேசைப் பக்கம் போகவே முடியாது என்று அவர் நினைத்திருக்க, பிராண்ட் ஒரு சாதாரண உண்மையைச் சொன்னார்: கை அறுவைக்கு எல்லா மருத்துவரும் உட்கார்ந்துதானே செய்கிறோம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மேரி தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார்.

பிறகு சிகிச்சைக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போனபோது, தன்னைப் போலக் கால் விளங்காதவர்கள் வேலை பார்த்துச் சம்பாதிப்பதைக் கண்டார். அங்கிருந்து நியூயார்க். ஹோவர்ட் ரஸ்க்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963இல் வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை ஏற்றார். மூன்று ஆண்டில் பாகாயம் நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ, 1986இல் மறைவு. ஐடாவின் படத்தைப் போல இவர் படம் நம் பக்கத்து வீடுகளில் தொங்குவதில்லை. எனக்கு இவர்தான் பெரிய ஆளாகத் தெரிகிறார். ஐடா பிறர் வேதனையைக் கேட்டு வந்தவர்; மேரிக்கு யாரும் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாகாயத்தில் கற்பிக்கும் விஷயங்களைப் பார்த்தால், அது அந்த வேதனையைத் தானே அறிந்த ஒருவர் தொடங்கிய இடம் என்பது புரியும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கால் மணிக்கு ஒரு தடவையாவது இரண்டு கையையும் ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்; அந்த ஒரு பழக்கம் படுக்கைப் புண்ணைத் தள்ளி வைக்கும். கண்ணாடி வைத்து முதுகின் அடியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கூட வந்த மனைவியோ தம்பியோ புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் ஊர் வீட்டில் சமைப்பதும் சாப்பிடுவதும் படுப்பதும் தரையில்தான். எனவே நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கி மறுபடி ஏறுவதும் ஒரு தனிப் பயிற்சி. வாசல் நிலை எவ்வளவு அகலம், படி எத்தனை, கழிப்பிடம் எங்கே என்றெல்லாம் விசாரிப்பது மருந்துச் சீட்டு எழுதுவதைப் போலவே வைத்தியத்தில் சேர்த்தி. தையலோ பெட்டிக்கடையோ, உட்கார்ந்து செய்யும் ஒரு தொழிலுக்கும் வழி பார்க்கிறார்கள்.

அங்கே ‘ரீஹாப் மேளா’ என்று ஆண்டுதோறும் நடக்கிறது. முன்பு சிகிச்சை பெற்று ஊர் திரும்பியவர்கள் நாற்காலிகளோடு வந்து சேருகிறார்கள். உடல் பரிசோதனை, விளையாட்டு, பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் உண்மையான வைத்தியம் ஓரமாக நடக்கிறது. பல வருஷம் தாக்குப்பிடித்த ஒருவர் பக்கத்தில் புதிதாக அடிபட்ட பையன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய், டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் கேட்கலாம்: பஸ்ஸில் எப்படிண்ணே ஏறுவீங்க, ராத்திரி சிறுநீருக்கு என்ன பண்றீங்க, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?